பதிவில் இல்லாத கால்

அந்தப் பஸ் டிப்போவில் ஓடாத பஸ்கள் நிறைய உண்டு. ஓடாத பிரிவு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாப் பிரிவுகளும் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கே ஓடுகின்றன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இந்த ஓட்டத்தில் முதலிடம் மாடியில் இருந்த இடையூறில்லா மேம்பாட்டுப் பிரிவுக்குத்தான். கம்ப்யூட்டர்களின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது யாருக்கும் எந்தச் சிரமமும் வராமல், நம்பகமாக, வழவழவென்று வேலை நடக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த பிரிவு அது. பெயர் வாயில் அடங்காததால் டிரைவர்களும் கண்டக்டர்களும் அதைச் சுருக்கி 'இடையூறு ஆபீஸ்' என்று சொல்லிவந்தார்கள்.

அது பிறந்த கதை சின்னது. சில வருஷங்களுக்கு முன்னால், சம்பளப் பிரிவில் ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், 'இப்போதே புதுப்பிக்கவா?' என்று கேட்ட கம்ப்யூட்டருக்கு 'சரி' என்று அமுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த மாதம் யாருக்கும் சம்பளம் வரவில்லை. கோபத்தில் ஒரு டிரைவர் பஸ்ஸைக் கொண்டுவந்து மேலாளர் அறை வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மேலாளர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தார். இனி அவசரப்பட்டு 'சரி' அமுக்காதே என்று அந்த ஒருவரிடம் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒரு இயக்குநரையும் அவருக்குக் கீழே ஒரு படையையும் நியமித்தார்கள். அதிலிருந்து கீழே டிரைவர்களுக்குப் பஞ்சம், மாடியில் நாற்காலிகளுக்குப் பஞ்சம்.

மாடிப்படிக்குக் கீழே, படிகளின் சரிவையே கூரையாகக் கொண்ட ஒரு அறை இருந்தது. பஸ்களில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்கள் அங்கேதான் வந்துசேரும். முன்பக்கம் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல், பின்னால் இரும்பு அலமாரிகள், நடுவில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். வரும் சாமான்களில் முக்கால்வாசி குடைகள். அதனால் அந்த அறையைப் பார்த்துக்கொண்டவளுக்குக் குடையக்கா என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு சாமான் வந்தால் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட்டு, 'கொடுத்தாயிற்று' என்று ஒரு வரி தட்டுவாள். நிமிர்ந்தால் தலை இடிக்கும் அந்த அறையில் அவள் யாருக்கும் தொந்தரவில்லாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புதிய இயங்குதளம் வந்ததும் மாடியில் பெரிய யோசனை கிளம்பியது. எந்தக் கம்ப்யூட்டரில் முதலில் ஏற்றிப் பார்ப்பது? கெட்டுப்போனாலும் வெளியே தெரியாத கம்ப்யூட்டர்தான் சோதனைக்கு உகந்தது. அது எது என்று கண்டுபிடிக்க இயக்குநரே பரிவாரத்தோடு இறங்கி வந்து, ஒவ்வொரு மேஜையாகப் போய், உங்கள் கம்ப்யூட்டர் நின்றால் என்ன ஆகும் என்று விசாரித்தார்.

"நின்னா டிப்போவே நின்னுடும் சார்" என்றார் உதிரிப் பாகங்கள் பிரிவுக்காரர். அவரிடம் ஒரு போல்ட் கேட்டு மெக்கானிக்குகள் ஒரு மாதமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள். "நின்னா பட்டினிச் சாவு விழும்" என்றார் கேன்டீன் டோக்கன்காரர். நேர அட்டவணை போடுகிறவர் பேசவே இல்லை. கண்ணை மூடித் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், சொல்லவே பயங்கரம் என்பதுபோல. கடைசியில் குடையக்காவிடம் வந்தார்கள்.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒண்ணும் ஆகாது சார். மழை வந்தா ரெண்டு பேர் நனைவாங்க" என்றாள்.

இயக்குநரின் கண்கள் கலங்கிவிட்டன. "இப்படி ஒரு பயனாளரைத்தான் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம். உங்க வேலை நின்னா உலகத்துல யாருக்கும் எதுவும் ஆகாது. அதை நீங்களே வாய்விட்டுச் சொல்றீங்க பாருங்க, இந்தத் தெளிவு பெரிய பெரிய அதிகாரிங்களுக்கே கிடையாதும்மா" என்றார்.

அது பாராட்டா, திட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பொதுவாக "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவைத்தாள். 'முன்னோடிப் பயனாளர்' என்று எழுதிய வட்டமான பேட்ஜ் ஒன்றை அவள் தோளில் குத்திவிட்டுப் போனார்கள்.

அடுத்து ஒத்திகை. நம்பகமாக நடக்க வேண்டிய எதையும் முதலில் நடக்காமல் நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் கொள்கை. கம்ப்யூட்டரை அணைத்து வைத்துவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தாளைப் பார்த்து, "இப்போது கால்வாசி ஏறிவிட்டது" என்று வாசிக்க, மற்றவர்கள் "ஏறிவிட்டது" என்றார்கள். குடையக்கா வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்று உத்தரவு. அவளும் வழக்கம்போல ஒரு குடையைத் துடைத்தாள். அது படாரென்று விரிந்து துணை இயக்குநரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. முதல் ஒத்திகை தோல்வி. இரண்டாவது ஒத்திகையில் குடைகளுக்குத் தடை. மூன்றாவதன் நடுவில் கரண்ட் போய்விட்டது. கம்ப்யூட்டர் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது என்பதால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை. மின்வெட்டையும் தாங்கும் மேம்பாடு என்று அன்றைக்கே சான்றிதழ் எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் டெக்னீஷியன் வந்து கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் நகல் எடுத்துக்கொண்டார். மாடிப் பிரிவில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. "எது எக்குத்தப்பா போனாலும் இன்னைய நிலைமைக்குத் திரும்பிடலாம்க்கா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் குடையக்கா வழக்கம்போல அறையைத் திறந்தாள். இரண்டு பேர் வந்து தங்கள் குடைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு கண்டக்டர் நீளமான துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு கால். முழங்காலுக்குக் கீழே பொருத்துகிற செயற்கைக் கால், பளபளக்கும் கறுப்பு ஷூவுடன். யாருடையது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டிப்போவுக்கு எதிரே சலூன் வைத்திருப்பவருடையது. டிப்போவில் பாதித் தலைகள் அவர் கைபட்டவை. 'செயற்கைக் கால், இடது, ஒன்று' என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதை அலமாரியின் இரண்டாவது தட்டில் நிறுத்திவைத்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார், கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

அதற்குள் மாடியிலிருந்து நாடாவும் கத்திரியும் வந்துவிட்டன. கம்ப்யூட்டருக்குக் குறுக்கே நாடா கட்டி, அதை வெட்டி, இயக்குநர் உரையாற்றினார்.

"சாதாரண ஆளுங்க மேம்பாடுன்னா ஏதோ மாறப்போகுதுன்னு நினைக்கிறாங்க. அது தப்பு. எதுவுமே மாறலைன்னு எல்லாரும் நம்பற மாதிரி மாத்தறதுதான் மேம்பாடு. அந்த நம்பிக்கையைக் காப்பாத்தறதுதான் நம்ம வேலை. கம்ப்யூட்டரைக் காப்பாத்தறது அதுக்கு அப்புறம்."

கைதட்டல் ஓய்ந்ததும் பொத்தானை அமுக்கினார்கள். திரையில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. ஒரு விரற்கடை மிச்சமிருக்கும்போது நின்றது. நின்றது நின்றதுதான். "நிக்கலை, நிதானமா போகுது" என்று இயக்குநர் விளக்கம் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

மத்தியானம் சலூன்காரர் இரண்டு கைகளிலும் ஊன்றுகோல்களோடு, வேர்க்க விறுவிறுக்க வந்தார். தேய்ந்துபோன உறையைச் சரிபண்ணுவதற்காகக் காலைச் செய்துகொடுத்த இடத்துக்கு எடுத்துப் போயிருந்தார். முழங்காலில் புண் ஆறட்டும், இன்றைக்கு மாட்டாதீர்கள் என்று அங்கே சொன்னதால் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கும்போது இரண்டு ஊன்றுகோல்களையும் ஜாக்கிரதையாக எடுத்துக்கொண்டார், காலை மறந்துவிட்டார்.

"தங்கச்சி, என் காலு இங்க வந்துச்சா?"

"காலைலயே வந்துடுச்சு அண்ணே. அதோ, நிக்குது பாருங்க."

அவர் கம்பி வலையில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தார். "நல்லாத்தான் நிக்குது. நான் இல்லாம தனியா நிக்கக் கத்துக்கிச்சு போல."

அவள் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். ஒரு வரி தட்டினால்தான் கொடுக்க முடியும். தட்டுவதற்குத் திரையில் நீலக் கோட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று மாடியில் சொல்லியிருக்கிறார்கள். "சாயங்காலம் வரைக்கும்தானே? ஒத்தக்கால்ல நிக்கறது எனக்கென்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சாயங்காலம் வந்தார். மறுநாள் காலையும் வந்தார். கோடு அதே இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. முடிவெட்டுகிறவருக்குக் கத்திரிக்கோல் பிடிக்க ஒரு கை வேண்டும், சீப்புப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஊன்றுகோலுக்கு மூன்றாவது கை எங்கே போவது? உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களைத் தன்னைச் சுற்றி மெதுவாக நகரச் சொல்லி வெட்டிப் பார்த்தார். இரண்டு சுற்றில் ஒரு டிரைவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இன்னொருவருக்கு ஒரு காதுப் பக்கம் மட்டும் மொட்டையாகிவிட்டது. அதோடு கடையை இழுத்து மூடினார். இன்னொரு கால் செய்ய வேண்டுமென்றால் பல மாதம் காத்திருக்க வேண்டும். கடைதான் அவர் வீட்டு அடுப்பு.

தினமும் காலையில் மாடியிலிருந்து குடையக்காவுக்கு டெலிபோன் வரும்.

"முன்னோடிப் பயனாளரா? இடையூறு ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார். ஒருத்தரோட காலு இங்க மாட்டிக்கிட்டு..."

"பதிவு பண்ணிட்டீங்களா?"

"எதுல சார்?"

"உங்க கம்ப்யூட்டர்லதான். இடையூறுப் பக்கம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க."

"கம்ப்யூட்டர்தானே சார் நின்னுபோச்சு?"

"அப்ப பதிவாகலை. பதிவாகாத இடையூறை இடையூறா எடுத்துக்க முடியாதும்மா. வதந்தின்னுதான் எடுத்துக்கணும். வேற ஒண்ணும் இல்லையே? சரி, இன்னைக்கும் இடையூறு இல்லை."

அவள் மாடி ஏறிப்போய் இயக்குநரையே பார்த்தாள். காலைக் கையால் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் சரியான பிறகு அந்த ஒரு வரியைத் தட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினார். இயக்குநர் கோபப்படவில்லை. அவருக்கு அவள்மேல் பரிதாபம்தான் வந்தது.

"கையால குடுக்கறதுன்னா மாற்றுவழி. மாற்றுவழில போனீங்கன்னா முதல் வழி அடைபட்டுப்போச்சுன்னு நீங்களே ஒத்துக்கற மாதிரி. முதல் வழி அடைபடலைன்னு நான் தினமும் தலைமை அலுவலகத்துக்கு எழுதிட்டிருக்கேன். ஒரு காலுக்காக ஒரு அமைப்போட நம்பகத்தன்மையைப் பலி குடுக்கச் சொல்றீங்களா? அந்த ஆளுக்கு இன்னொரு காலு இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"எனக்கு இன்னொரு நம்பகத்தன்மை இல்லையேம்மா."

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் பிளம்பர். ஊரார் வீட்டுக் குழாயெல்லாம் சரிபண்ணிவிட்டு அப்போதுதான் தன் வீட்டுக் குழாயைக் கழற்றி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"நான் ஒரு வீட்டுல குழாய் மாத்தினா, முதல்ல நாலு வாளி தண்ணி பிடிச்சு வச்சுக்குங்கன்னு சொல்லுவேன். அதுக்குப் பேரு மாற்றுவழியா? சாவி உன் கையில, காலு உன் அறையில. பேசாம நாளைக்குக் காலைல எடுத்துக் குடுத்துடு. என்ன பண்ணிடுவாங்க?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டா?"

"உன் வேலை நின்னா உலகத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களே பேட்ஜ் குத்தி விட்டிருக்காங்கல்ல? தூக்கினா தூக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, தைரியமும் வந்தது. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து அறையைத் திறந்தாள். அவளுக்கும் முன்னால் வந்து, பார்வையாளர் என்று பேட்ஜ் குத்திய ஒருவர் அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாடியில் இன்னொரு சாவி இருந்திருக்கிறது. அலமாரிகளுக்குக் குறுக்கே மஞ்சள் பட்டை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். மேம்பாடு முடியும்வரை அறையும் கம்ப்யூட்டரும் ஒரே நிலையில் இருக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரில் இருப்பது அறையில் இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது. இருந்த ஒரே மின்விசிறியையும் அவள் பக்கமிருந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். கோடு களைத்துப்போயிருக்கலாம் என்று சந்தேகம்.

அந்தக் கொள்கைக்கு அடுத்த நாளே ஒரு சிக்கல் வந்தது. கண்டக்டர்கள் புதிய குடைகளைக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாத குடையை அறைக்குள் விட முடியாது. எனவே பஸ்களில் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'மேம்பாட்டுக் காலத்தில் பயணிகள் எதையும் தொலைக்க வேண்டாம்.' மீறித் தொலைப்பவர்களின் பொருளைக் கண்டக்டர்கள் கண்ணால் பார்க்கக் கூடாது என்று தனிச் சுற்றறிக்கை வந்தது. குடைகளும் பைகளும் சாப்பாட்டு டப்பாக்களும் பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே வந்தன. ஒரு பஸ்ஸில் பின்சீட்டு முழுக்க அவையே பிடித்துக்கொண்டதால் ஜனங்கள் நின்றுகொண்டு போனார்கள். யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு சேவல் மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூவியது. அதை யாரும் பார்க்கவில்லை.

சலூன்காரர் தினமும் வருவதை நிறுத்தவில்லை. அவளோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று தன் காலைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "ஷூவுல தூசி படியுது தங்கச்சி. முடிஞ்சா துடைச்சு விடு" என்று ஒருநாள் சொன்னார். முத்திரையைத் தாண்டி அவளால் துடைக்கக்கூட முடியாது. அவர் போன பிறகு, பார்வையாளர் பார்க்கிறார் என்றுகூட நினைக்காமல் குடையக்கா அழுதாள். தன் வேலை நின்றால் ஒன்றும் ஆகாது என்று சொன்ன வாயை அடிக்கலாம்போல இருந்தது.

வாரங்கள் போகப்போக டிப்போவின் முகமே மாறியது. டிரைவர்கள் நெற்றியில் விழும் முடியை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டினார்கள். மேலாளருக்குக் காதுகள் காணாமல்போயின. இரண்டு நிறுத்தம் தள்ளி இன்னொரு சலூன் இருந்தது; அங்கே போய்வந்தவர்களைப் பார்த்த பிறகு வேறு யாரும் போகவில்லை. அதிகம் கஷ்டப்பட்டவர் இயக்குநர். இடது காதோரம் நீளமாக வளர்த்த முடியை மேலே ஏற்றி, வலது காதுவரை கொண்டுபோய்ப் படிய வைத்து, நடுவில் இருந்த வெட்டவெளியை மறைப்பது அவர் வழக்கம். அந்த ஏற்பாட்டுக்கு எங்கே எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது எதிர்க்கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். இப்போது அந்த முடி பாரம் தாங்காமல் சரிந்து தோளில் தொங்கியது. அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இந்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாரக்கணக்கில் ஒரு இடையூறுகூடப் பதிவாகாத மேம்பாடு இதுவரை எங்கும் நடந்ததில்லையாம். நம்பகத்தன்மைக்கான விருதை நேரில் கொடுக்க வியாழக்கிழமை தலைவரே வருகிறார்; மேம்பட்ட கம்ப்யூட்டரையும் பார்ப்பார்; போட்டோவும் எடுத்துக்கொள்வார்.

மாடியில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒரு விரற்கடை கோடு இன்னும் பாக்கி இருந்தது. வேறு வழியில்லாமல் டெக்னீஷியனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஒரே வாக்கியம்தான் பேசினார்: "சனிக்கிழமை நகல் இருக்கு சார், பழைய நிலைமைக்கே திரும்பிடலாம்."

"திரும்பறதா? அது தோல்வி ஆகாதா?" என்றார் மேலாளர்.

"எப்படி ஆகும்?" என்றார் இயக்குநர், முடியை ஏற்றிவிட்டுக்கொண்டே. "போய்ச் சேர்றது எல்லா அமைப்பாலயும் முடியும். போகாத இடத்துலேர்ந்து பத்திரமா திரும்பி வர்றது எத்தனை பேரால முடியும்? இது பின்னோக்கிய மேம்பாடு. உரையில அப்படியே எழுதிக்குங்க."

வியாழக்கிழமை காலையில் டெக்னீஷியன் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் உயிர் பெற்று, பழையபடியே முனகிக்கொண்டு ஓடியது. குடையக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'கொடுத்தாயிற்று' என்று தட்டுவதற்காகக் காலைத் தேடினாள். குடை இருந்தது, குடை இருந்தது, குடை இருந்தது. கால் இல்லை. திங்கட்கிழமை வந்த கால் சனிக்கிழமை நகலில் எப்படி இருக்கும்?

தலைவர் வருவதற்குள் அறையும் கம்ப்யூட்டரும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க இயக்குநர் படையோடு வந்தார். திங்கட்கிழமை கொடுத்தனுப்பிய இரண்டு குடைகள் கம்ப்யூட்டர் கணக்கில் இன்னும் அறையிலேயே இருந்தன. அதற்கு ஒருவரைக் கடைக்கு அனுப்பி இரண்டு குடைகள் வாங்கிவரச் செய்து தட்டில் வைத்தார்கள். பிறகு எல்லோரும் இரண்டாவது தட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

"இது என்ன?" என்றார் இயக்குநர்.

"காலு சார். ஒரு நிமிஷம் குடுத்தீங்கன்னா இப்பவே ஏத்திடறேன்."

"எப்படி ஏத்துவீங்க? சனிக்கிழமைக்குத் திரும்பியாச்சு. சனிக்கிழமை எந்தக் காலும் வரலை."

"இன்னைக்கு வியாழக்கிழமை சார்."

"கம்ப்யூட்டருக்கு இல்லை. பதிவுல இல்லாத ஒண்ணு அறையில இருந்தா அது பிழை. தலைவர் கண்ணுல படறதுக்குள்ள அப்புறப்படுத்துங்க."

குடையக்காவுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. கொடுக்கலாம் என்ற சொல் இவர் வாயாலேயே வர வேண்டும் என்று தோன்றியது. "எங்க சார் போடறது?"

"எங்கேயாவது போடுங்க."

"யாருக்காவது குடுத்துட்டா?"

"என்னம்மா நீங்க! இல்லாத பொருளை யாருக்குக் குடுத்தா எனக்கென்ன? அப்படி ஒரு காலு தொலையவே இல்லை. முத்திரையை உடைங்கப்பா."

உடைத்த சத்தம் அடங்குவதற்குள் அவள் காலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். விருது விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். ரோட்டில் ஒரு பஸ்காரர் பிரேக் அடித்துத் திட்ட வாயெடுத்தவர், அவள் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு நீளமாக ஹாரன் அடித்தார். சலூன்காரர் மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். அவள் காலை அவர் மடியில் வைத்தாள். முந்தானையால் ஷூவைத் துடைத்துவிட்டாள். அவர் பட்டைகளை இறுக்கி, எழுந்து நின்று, இரண்டடி நடந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு கதவைத் தள்ளித் திறந்தார்.

செய்தி டிப்போ முழுக்கப் பரவ ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கடை வாசலில் சடைமுடிகளின் வரிசை நின்றது. அந்த வரிசையைப் பிளந்துகொண்டு இயக்குநர் வந்தார். "தலைவர் கிளம்பிட்டாராம். முதல்ல எனக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டி, தொங்கிய முடியைச் சீப்பால் தூக்கிப் பார்த்தார். குடையக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். இந்த மனுஷருக்கா முதல் வெட்டு என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"விருதாமே சார், ரொம்ப சந்தோஷம். எதுக்குக் குடுக்கறாங்க?" என்றார் சலூன்காரர்.

"இவ்வளவு பெரிய மேம்பாட்டுல ஒருத்தருக்குக்கூட இடையூறு வரலை. அதுக்குத்தான்."

"ஒருத்தருக்குக்கூடவா?"

"பதிவைப் பாருங்க. ஒண்ணு இருக்காது."

"என் காலு தொலைஞ்சது?"

"தொலையலையே. பதிவுல இல்லையே."

சலூன்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். குரலில் கோபமே இல்லை. முகம் முழுக்க மரியாதை. "அப்படின்னா பெரிய சிக்கலா இருக்கே சார். காலு தொலையலைன்னா நான் கடையை மூடியிருக்க மாட்டேன். மூடலைன்னா மாசம் தவறாம உங்களுக்கு வெட்டியிருப்பேன். வெட்டியிருந்தா இந்த முடி வளர்ந்திருக்காது. வளராத முடியை நான் எப்படி சார் வெட்டறது? உங்க பதிவுக்கு விரோதமா என்னால நடக்க முடியாது."

இயக்குநருக்குத் தெரிந்த எல்லாக் கொள்கைகளும் எதிர்த்தரப்பில் நின்றன. கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். வெளியே தலைவரின் கார் டிப்போவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. கழுத்தில் கட்டிய துணியை அவிழ்க்கக்கூட மறந்து, ஒரு கையால் முடியை ஏந்திக்கொண்டு அவர் ரோட்டைத் தாண்டி ஓடினார்.

குடையக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சலூன்காரர் நாற்காலியைத் தட்டிச் சுத்தம் செய்தார். இரண்டு கால்களையும் அகல ஊன்றி நின்றுகொண்டு, வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றார்.